அல்சூரில் வேர் தேடுவோம்: குடும்ப வரலாறு எழுதும் வழிகள்

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், பெங்களூரில் பிறந்து வளர்ந்த நாம் "அல்சூர்" என்கிறோம். "அது சரிங்க, பூர்வீகம்?" என்று அடுத்த கேள்வி வரும். "ஆற்காடு பக்கம்" என்போம். சேலம், தருமபுரி பக்கம் என்பவர்களும் உண்டு. "பக்கம்னா, எந்த ஊருங்க?" என்று மூன்றாவது கேள்வி வந்தால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. நைனாவுக்குத் தெரியாது. தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும், அவர் இல்லை.

இதே கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் பதில் சொல்லிவிடும். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதினார்கள். மொரீஷியஸ் தீவுக்குப் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமும் உண்டு. அன்பினால் எழுதி வைத்த கணக்கு அல்ல அது. ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. ஆனாலும் இன்றைக்குக் கொள்ளுப் பேரனுக்கு அதுவே பூர்வீகப் பத்திரம்.

வட ஆற்காட்டில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சத்தில் அண்ணன் கப்பலேறினான். தம்பி பாலாற்றைத் தாண்டி மைசூர்ச் சீமைக்கு வந்தான். அண்ணனுக்குக் காகிதம் இருக்கிறது. தம்பிக்கு இல்லை. கடல் கடக்காதவனை யாரும் கணக்கில் எழுதவில்லை. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் காக்ஸ் டவுனிலும் இருக்கும் நாமெல்லாம் பெரும்பாலும் அந்தத் தம்பியின் வாரிசுகள்.

ஆகவே நமது குடும்ப வரலாற்றை ஒரே புத்தகத்தில் பார்த்துவிட முடியாது. வீட்டில் கொஞ்சம், அலுவலகத்தில் கொஞ்சம், கல்லறையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடப்பதைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததைக் கணினியில் ஒழுங்காக வைக்க வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் என் குடும்பத்துக்காக நான் செய்ததையும், செய்யத் தவறியதையும் வைத்து அதற்கான வழிகளை இங்கே சொல்கிறேன்.

எந்தக் காலத்தில் வந்தோம்?

தேடத் தொடங்கும் முன் சில ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே இருந்த ஆங்கிலேயர் படை பெங்களூருக்கு மாற்றப்பட்டு, 1809இல் அல்சூர் ஏரியை ஒட்டிக் கண்டோன்மென்ட் உருவானது. நம் பெரியவர்கள் அதைத் 'தண்டு' என்பார்கள். படையோடு சிப்பாய்கள், சமையற்காரர், தோட்டக்காரர், கொத்தனார், தையற்காரர், வியாபாரிகள் எனச் சென்னை மாகாணத்துத் தமிழர்கள் வந்தார்கள். 1780இல் தோன்றிய மெட்ராஸ் பயனியர்ஸ் படையின் வழிவந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் 1834இல் பெங்களூருக்கு வந்தது. ஏரிக்கரையில் இன்றும் அந்தப் படைப்பிரிவு இருக்கிறது.

1864 ஆகஸ்ட் 1 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரை ரயில் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் வண்டியிலோ கால்நடையாகவோ வந்திருக்க வேண்டும். அவர்கள் வந்த பழைய மெட்ராஸ் ரோடு இன்றும் அல்சூர் வழியாகத்தான் போகிறது. 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம். 1898இல் பெங்களூரில் பிளேக். அதன் பிறகு நெரிசலைக் குறைக்கப் பிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன.

ஆட்சி மாற்றமும் முக்கியம். 1881இல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்திடம் திரும்பியபோதும் கண்டோன்மென்ட் மட்டும் 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடென்டின் கையில் இருந்தது. 1947இல்தான் மைசூரிடம் வந்தது. 1949இல் இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. 2025இல் அது மறுபடி ஐந்தாகப் பிரிந்தது. ஒரே தெருவின் காகிதம் எத்தனை அலுவலகங்கள் மாறியிருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ஊர்ப் பெயர்களும் மாறின. பழைய தாளில் 'பிளாக்பள்ளி' என்றிருந்தால் அது இன்றைய சிவாஜி நகர். 'ஹலசூரு' என்றிருந்தால் அது நம் அல்சூர்.

முதல் ஆவணம் வீட்டில்தான்

பலரும் முதலில் இணையத்துக்குப் போகிறார்கள். அது தவறு. முதலில் போக வேண்டியது வீட்டில் மூத்தவரிடம். பதிவேடு நாளைக்கும் இருக்கும், ஆயா இருக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் ஆங்கில ஆண்டு சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆயா சொன்னது இது: "உங்க தாத்தாவோட தாத்தா சின்னப் பையனா தாது வருஷத்துல வந்தாராம். கம்பு கூட கெடைக்கலியாம்." தாது என்பது அறுபது ஆண்டுச் சுற்றில் பத்தாவது. முதலாண்டான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. எனவே தாது 1876-77, 1936-37, 1996-97. பஞ்சம் என்றதால் 1876தான். 'தாது வருஷப் பஞ்சம்' என்றே அதற்குப் பெயர். ஒரே வாக்கியத்தில் ஆண்டும் காரணமும் கிடைத்துவிட்டன. இப்படியே "பிளேக் வந்தப்போ அவர் கைக்குழந்தை" என்றால் 1898. "எம்டன் குண்டு போட்டப்போ" என்றால் 1914 செப்டம்பர். நிகழ்ச்சியைக் கேளுங்கள், ஆண்டு தானே வரும்.

இன்னொரு சிக்கல் பெயர். நம் வீட்டு மூத்த பெண்கள் கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆயாவிடம் மாமனார் பெயரைக் கேட்டேன். "அதான்டா, பழனியில நிக்கிறாரே, அவரு பேரு" என்றார்கள். பழனியா, முருகனா, வேலாயுதமா, தண்டபாணியா? எத்தனை கேட்டாலும் சிரிப்புத்தான் பதில். கடைசியில் ஆயாவின் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உறவு முறையைப் பார்த்து யாரிடம் எதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்.

பெட்டியில் தேட வேண்டியவை சில. பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை இரண்டிலும் உறவினர் பெயரும் ஊரும் இருக்கும். ஜாதகத்தில் ஆண்டு, மாதம், நட்சத்திரம் இருக்கும். தாத்தாவுக்கு மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கான ஒரே பெயர்க்காரர்களில் நம்மவரைப் பிரித்தெடுப்பது அந்த எண்தான்.

இவற்றையெல்லாம்விட உயர்ந்தது மொய் நோட்டு. நம் வீடுகளில் அதை வரவு செலவுக் கணக்கு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். யார் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எவ்வளவு வைத்தார் என்று வரிசையாக எழுதிய நோட்டு அது. மாமன் வகை, பங்காளி வகை என்று தனித்தனியாக எழுதிய வீடுகளும் உண்டு. 1950களின் ஒரு மொய் நோட்டு கிடைத்தால், அன்று உயிரோடிருந்த சொந்தங்களின் கணக்கெடுப்பே கையில் கிடைத்த மாதிரி.

கடைசியாக, குலதெய்வம். "நமக்கு முதல் மொட்டை எந்தக் கோயில்ல?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்த குடும்பத்துக்குக்கூட மொட்டை போட்ட கோயில் நினைவிருக்கும். குலதெய்வத்தின் ஊர்தான் பல நேரம் பூர்வீகத்தின் ஊர். குறைந்தபட்சம் அதற்குப் பக்கத்து ஊர்.

அலுவலகப் பதிவுகள்: எது கிடைக்கும், எது கிடைக்காது

பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமானது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால். கர்நாடகத்தில் அது 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் நகராட்சிகள் பதிவேடு வைத்திருந்தன, ஆனால் விடுபட்டவை நிறைய. பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இருக்காது. 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். எனவே தகப்பன் பெயரையும் தெருவையும் வைத்துத் தேடச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவைத் தேடச் சொல்லி நகல் பெறலாம். இறப்புப் பதிவின் நகலில் மரணக் காரணத்தை மட்டும் வெளியிட மாட்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பிப் பயனில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய கணக்கெடுப்புத் தாள்களை வீடு வீடாகப் பார்க்கலாம். இங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பார்வைக்குத் தருவதில்லை. அதற்குப் பதில் பழைய வாக்காளர் பட்டியல் உதவும். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, 2002, 2005 ஆண்டுப் பட்டியல்களில் தாய் தகப்பன் பெயரைத் தேடி வீடு வீடாக அலைந்தார்களே, அப்போதுதான் அதன் அருமை பலருக்குப் புரிந்தது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இன்னொரு நல்ல வழி. தகப்பன் பெயர், பிறந்த தேதி, முந்தைய பள்ளி எல்லாம் அதில் இருக்கும். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய பள்ளி போல, கண்டோன்மென்ட் பகுதியில் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பள்ளிகள் பல உள்ளன. பழைய டி.சி. வீட்டில் கிடந்தால் அதிலுள்ள சேர்க்கை எண்ணை எடுத்துக்கொண்டு போங்கள். எண் இல்லாமல் போய் "எங்க தாத்தா இங்க படிச்சாரு" என்றால் பாவம், அவர்களாலும் தேட முடியாது.

சொத்துப் பிரிவினை நடந்த வீடுகளில் 'வம்சவிருட்சம்' இருக்கும். கர்நாடக வருவாய்த் துறை தரும் குடும்பச் சான்று அது. மூன்று தலைமுறைகூட அதில் வரும். ஒரு எச்சரிக்கை: அது சொத்துக்காக எழுதப்பட்டது. சிறு வயதில் இறந்த குழந்தைகள், வாரிசில்லாத அத்தைகள், பேச்சுவார்த்தை அற்றுப்போன சித்தப்பாக்கள் அதில் விடுபட்டிருக்கலாம். யார் எதற்காக எழுதினார்கள் என்று கேட்காமல் எந்தக் காகிதத்தையும் முழுக்க நம்பாதீர்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கோயிலில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் பதிவாகும். கத்தோலிக்கப் பதிவுகளில் லத்தீன் மொழி கலந்திருக்கும்; பங்குத் தந்தையிடம் கேட்டால் படித்துச் சொல்வார். பிரிட்டிஷ் நூலகத்தில் 'என் 2' என்ற வரிசையில் சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகள் 1698 முதல் உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு உள்ளூர்க் கோயிலின் பதிவேடுதான் கதி.

படையில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் உண்டு. 1917இல் தொடங்கிய அமைப்பு. பல பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம், ஜில்லாவரை இருக்கிறது. ஆனால் ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாகக் காட்டினார்கள். சமமாக நினைவுகூரவில்லை என்பதை அந்த ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. கல்லில் பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப் பெயர் ஒரு தனிப் பாடம். முனுசாமி ஒரு தாளில் 'மூனூசாமி' ஆவார், இன்னொன்றில் 'முனிசாவ்மி' ஆவார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். தேடும்போது நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள்.

கல்லறையில் ஒரு காலை

தகனம் செய்யும் குடும்பங்களுக்குக் கல் இருக்காது. திதியில் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று பெயர் சொல்வார்கள், அதோடு நின்றுவிடும். புதைக்கும் வழக்கமுள்ள இந்துக் குடும்பங்களும், கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களும் அடக்கம் செய்த இடத்தைத் தேடலாம். நம் பகுதியிலிருந்து பலரையும் கொண்டுபோன இடம் கல்பள்ளி. ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டமும் பழையது.

போவதற்கு முன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். காலை எட்டு மணிக்குள் போவது நல்லது. சாய்வான வெயிலில் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. ஒரு பாட்டில் தண்ணீர், மென்மையான பிரஷ், டார்ச், முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நிழலில் உள்ள கல்லுக்குக் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பலாம். கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு, சாக்பீஸ் எதுவும் வேண்டாம். படிக்கும் ஆசையில் கல்லை அழித்துவிடக் கூடாது. முழுக் கல்லறை ஒரு படம், எழுத்து மட்டும் ஒரு படம், அக்கம் பக்கத்துக் கல்லறைகளோடு ஒரு படம் எடுங்கள். உறவுக்காரர்கள் அருகருகே இருப்பது வழக்கம்.

கல்லில் தமிழ் எண் இருக்கலாம். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி கிறிஸ்தவராக மாறியவர். அவருடைய கல்லில் பெயருக்குக் கீழே '௧௯௪௧' என்று இருந்தது. நான் அதை 'க கூ ச க' என்று படித்துவிட்டு, ஏதோ பட்டத்தின் சுருக்கம் என்று நினைத்து வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். ஆயாதான் "போடா பைத்தியமே, அது வருஷம்டா" என்றார்கள். ௧ ஒன்று, ௯ ஒன்பது, ௪ நான்கு. 1941. பொறியியல் படித்தவனுக்குத் தெரியாதது, மூன்றாம் வகுப்போடு நின்ற ஆயாவுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் அவர் மகனின் கல்லில் ஆங்கிலம் மட்டுமே இருந்தது. ஒரே குடும்பம், நான்கடி தூரம். மொழி மாறியது எந்தத் தலைமுறையில் என்று கல்லறைக்குப் போனால் தெரிந்துவிடும்.

அங்கே குழி தோண்டும் பணியாளர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். இரண்டு மூன்று தலைமுறையாக அதே வேலையில் இருப்பவர்கள். எந்த மூலையில் எந்தக் காலத்துக் கல்லறை என்பது அவர்களுக்கு அத்துபடி. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று போனால் பக்கத்துக் கல்லறைக்கு வந்த சொந்தங்களையும் பார்க்கலாம்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். நான் அந்தக் கல்லைப் பார்த்தது 2006இல். அன்று என்னிடம் கேமரா இல்லை. "அடுத்த வாரம் வந்து போட்டோ எடுக்கலாம்" என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஒன்பது ஆண்டு ஆயிற்று. 2015இல் போனபோது அந்த இடத்தில் வேறொரு குடும்பத்தின் புது கிரானைட் கல் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. இடம் போதாத நகரத்தில், பராமரிக்க ஆள் வராத பழைய குழியில் மறுபடி அடக்கம் செய்வது வழக்கம்தான். வராமலிருந்தது நாங்கள். அதற்குள் ஆயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்லையும் சொல்லையும் ஒன்றாகத் தொலைத்தேன்.

மிஞ்சியது கோயில் பதிவேடு. சின்னக் கொள்ளுத் தாத்தா பெரியவரான பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். அதனால் பதிவில் தகப்பன் பெயரும் பிறந்த ஊரும் எழுதியிருந்தார்கள். தகப்பன் என்பவர்தான் தாது வருஷத்தில் வந்த சிறுவன். மகன் பிறந்ததோ ஊரில். அதாவது, பஞ்சத்தில் வந்தவர் பிறகு பெண் கட்டவும் பிள்ளைப்பேற்றுக்கும் ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தார் என்று ஆகிறது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'டைமரி' என்று படிக்கும்படி எழுதியிருந்தது. இரண்டு மாதம் தேடினேன். பழைய வட ஆற்காடு ஜில்லாவின் ஊர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: திமிரி. ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் வழியில் இருக்கிறது.

கணினியில் ஏற்றுவது

சேர்த்ததை நோட்டில் மட்டும் வைத்தால் கரையான் தின்னும். குடும்ப மரம் வரைய மென்பொருள்கள் பல உள்ளன. 2001இல் தொடங்கிய 'கிராம்ப்ஸ்' இலவசமானது. நம் கணினியிலேயே இயங்கும், விவரம் வெளியே போகாது. எதைப் பயன்படுத்தினாலும் 'ஜெட்காம்' என்ற கோப்பு வடிவில் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள். 1984இல் வந்த இந்த வடிவத்தை ஏறக்குறைய எல்லா மென்பொருளும் படிக்கும். நாளைக்கு அந்த நிறுவனம் மூடினாலும் உங்கள் மரம் பிழைக்கும்.

தமிழில் ஏற்றுபவர்கள் யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். 2004இல் நான் அன்றைய ஒரு எழுத்துருவில் நாற்பது பேர் பட்டியலை ஏற்றினேன். கணினி மாற்றியதும் எல்லாம் புரியாத குறிகளாகிவிட்டன. நல்லவேளை, ஒரு பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன்.

இந்த மென்பொருள்கள் மேல்நாட்டுக் குடும்பத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் குடும்பம் அதில் உட்கார மறுக்கும். அதற்குச் சில யோசனைகள்:

முதலாவது, குடும்பப் பெயர். நமக்கு அது இல்லை, இனிஷியல்தான். அந்தக் கட்டத்தில் சாதிப் பட்டத்தைப் போட்டு நிரப்ப வேண்டாம். தகப்பன் பெயர் என்று குறித்து எழுதுங்கள், அல்லது காலியாக விடுங்கள்.

இரண்டாவது, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரை வைத்து ஆளை அடையாளம் காணாமல், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரையும் தனியாகக் குறியுங்கள்.

மூன்றாவது, உறவு. சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ஆங்கிலத்தில் ஒரே 'அங்கிள்'. அக்கா மகளைக் கட்டியவருக்கு அக்காவே மாமியார். கணினிப் படத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பயந்து ஒரே ஆளை இரண்டு முறை ஏற்றிவிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு பதிவுதான். கோடு சிக்குவது தவறல்ல, நம் குடும்பம் அப்படித்தான்.

நான்காவது, இடம். மாவட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1911இல் வட ஆற்காட்டின் ஒரு பகுதி சித்தூர் மாவட்டமாகி, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1989இல் வட ஆற்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றாகி, திமிரி ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. பதிவில் இருந்தபடியே எழுதி, இன்றைய பெயரையும் பக்கத்தில் போடுங்கள்.

ஐந்தாவது, ஆதாரம். ஒவ்வொரு தகவலுக்கும் "யார் சொன்னது, எப்போது, எந்தத் தாள்" என்று எழுதுங்கள். "ஆயா சொன்னது, 2006" என்பதும் ஆதாரம்தான். சரியாகத் தெரியாத ஆண்டுக்குச் 'சுமார்' போடுங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஊகித்து நிரப்பினால், பத்து ஆண்டில் அந்த ஊகம் உண்மையாகிவிடும்.

ஆறாவது, பெண்கள். பழைய மரங்களில் 'மனைவி' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று அந்த வழியிலும் ஏறிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறை ஆண்களின் பெயர் கிடைத்தது. தாது வருஷத்துச் சிறுவனின் மனைவி பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி போன்றவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டாம். வங்கிகள் கேட்கும் ரகசியக் கேள்விகளே அம்மா பெயரும் பிறந்த ஊரும்தானே!

எழுதத் தயங்கும் விஷயம்

கோயில் பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது. மரத்தை அச்சடித்து உறவினர்களுக்குக் கொடுத்தபோது பெரியப்பா மகன், அண்ணன், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடு. கொழந்தைங்களுக்கு சம்பந்தம் பேசுற நேரம்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய பயமும் பொய்யல்ல.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரிடம் சொன்னேன்: "அண்ணா, பஞ்சத்துல செத்திருக்க வேண்டிய பையன். கூலி செஞ்சு பொழைச்சாரு. அவர் பொழைச்சதாலதான் நீயும் நானும் இருக்கோம். அத எடுத்துட்டா வேற என்ன இருக்கு அவரப் பத்தி?" அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பதிப்பிலும் அந்த வார்த்தை இருக்கிறது. அண்ணனும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார்.

குடும்ப வரலாறு எழுதத் தொடங்கும் பலர் ராஜ வம்சத்தில் போய் முடிக்கிறார்கள். ஆதாரம் கேட்டால் இருக்காது. பெருமைக்காக எழுதுவது வரலாறு ஆகாது. தண்டுக்கு வந்தவர்கள் உழைக்க வந்தவர்கள். சாலை போட்டவர்கள், தோட்டம் வளர்த்தவர்கள், பாரக்ஸ் கட்டியவர்கள், துணி துவைத்தவர்கள். இந்த நகரத்தின் பாதியில் அவர்கள் கை இருக்கிறது. அவர்கள் பெயர் எங்கும் இல்லை என்பதுதான் குறை.

இந்த ஞாயிற்றுக்கிழமை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் செய்யுங்கள். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து, செல்போனில் பதிவு பொத்தானை அழுத்தி, "நமக்கு முதல் மொட்டை எங்க?" என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு மொய் நோட்டைத் தேடுங்கள். அதற்கடுத்த ஞாயிறு காலையில் கல்லறைக்குப் போய்ப் படம் எடுங்கள். உங்கள் குடும்பக் கல்லோடு பக்கத்தில் உள்ள பத்துத் தமிழ்க் கற்களையும் சேர்த்து எடுங்கள். அவை வேறு யாரோ தேடிக்கொண்டிருக்கும் கற்கள். நம் சங்கத்து அன்பர்கள் பகுதிக்கு ஒருவராக இதைச் செய்து ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், கப்பலேறிய அண்ணனுக்குக் கிடைத்த பதிவேடு போல, நடந்து வந்த தம்பிக்கும் ஒன்று கிடைக்கும்.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு திமிரிக்குப் போய்வந்தேன். பங்காளிகள் யாரையும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர், "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டார். நான் வழக்கம்போல "பெங்களூர், அல்சூர்" என்றேன். பக்கத்திலிருந்த என் மகள் என்னை இடித்துவிட்டு, "இந்த ஊர்தாங்க" என்றாள்.